அஞ்சே கால் பஸ்

மாமா,

மலைக்கு ரோடு பிரிகிற விலக்கில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். மஞ்சள் பையிலிருந்து உங்கள் லெட்டர் பேடை வெளியே எடுத்ததும் பன்னீர் திராட்சை வாசம் வந்தது. மேலே கோபுரம், அதற்குக் கீழே உங்கள் பெயர், அதற்கும் கீழே சட்டமன்ற உறுப்பினர் என்று பச்சை மையில் அச்சடித்த தாள். நீங்கள் ஜெயித்த முதல் வாரத்தில் நான் ஆசை ஆசையாக ஆர்டர் கொடுத்து வாங்கியது. வைக்க இடம் இல்லையென்று உங்கள் மண்டியில் பழப்பெட்டி அடுக்கும் அறையின் மர பீரோவில் வைத்தோம். இத்தனை வருடமும் அங்கேயே கிடந்ததில் ஒவ்வொரு தாளிலும் வாசம் ஏறிவிட்டது. டீக்கடைக்காரர் வழக்கம்போல மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், பையில பழமா?" என்று கேட்டார். பேப்பர் என்றேன். நம்பவில்லை.

சாயங்காலம் மணி ஐந்தரை. வழக்கமாக ஐந்து மணிக்கெல்லாம் மலையிலிருந்து இறங்கிவிடும் ஜீப் இன்னும் வரவில்லை. அதில் பேச்சியம்மாளும் இன்னும் பன்னிரண்டு பெண்களும் இருக்கிறார்கள். வருகிற வரைக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கையில் பேனா இருக்கிறது, உங்கள் தாள் இருக்கிறது. உங்களிடமே பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

நான் உங்களை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டுச் சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியில் ஒருவர் குழம்பிப்போனாரே, ஞாபகம் இருக்கிறதா? நான் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. உங்கள் நெற்றியிலோ மூன்று விரலுக்குத் திருநீறு. அவர் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க ஊருல இப்படித்தான். இவன் எனக்கு மாப்ளே. பொண்ணு மட்டும் குடுக்கல, எடுக்கல" என்றீர்கள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். உங்களுக்கும் எனக்கும் நான்கு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் கடைசி வரை உங்களைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

உங்களிடம் மண்டி வேலைக்கு வருவதற்கு முன்னால் உத்தமபாளையம் கோர்ட் வாசலில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தவன் நான். எதுவானாலும் தாளில் வந்தால்தான் நம்புவேன். நீங்கள் நேர் எதிர். மண்டியில் உங்களுக்கு வாய்தான் எல்லாம். தோட்டத்துக்குப் போவீர்கள், பந்தலுக்கடியில் குனிந்து நடப்பீர்கள், ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வீர்கள், பிறகு ஒரு விலை சொல்வீர்கள். தோட்டக்காரர் சரி என்றால் அதோடு முடிந்தது. அறுப்புக்கு நாலு நாளோ பத்து நாளோ இருக்கலாம். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் அது உங்கள் பொறுப்பு. இந்த வழக்கம் உங்கள் அப்பா காலத்திலிருந்து மண்டியில் இருந்தது. நான் வந்த புதிதில் இதைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு நின்றுபோனது பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் விஷயத்தில்தான். அப்போது அவர்களுக்குக் கரட்டடியில் சொந்தத் தோட்டம் இருந்தது. சாயங்காலம் நீங்கள் போய் விலை பேசிவிட்டு வந்தீர்கள். அன்று ராத்திரி அடித்த மழையில் பழமெல்லாம் வெடித்துவிட்டது. காலையில் அந்த மனுஷன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டி வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. பின்னால் பேச்சியம்மாள். நீங்கள் உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தீர்கள்.

"ஏலே, என்னத்துக்கு அங்கன நிக்கிற? உள்ள வா. நேத்துப் பேசினது பேசினதுதான். பேசுறதுக்கு முந்தி பெஞ்சா உன் மழை. பேசின பெறகு பெஞ்சா என் மழை."

வெடித்த பழத்தை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். ஜூஸ் போடுகிறவர்கள்கூட வாங்க மாட்டேன் என்ற பழம். போகும்போது பேச்சியம்மாள் திரும்பி உங்களை ஒரு தடவை பார்த்தது. அந்தப் பார்வையில் இருந்தது நன்றியா ஆச்சரியமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அது எதையும் மறக்கிற பொம்பளை இல்லை என்பது மட்டும் அன்றைக்கே தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆளை எலெக்‌ஷனுக்குத் தேடி வந்ததில் வியப்பில்லை. கட்சிக்காரர்கள் மண்டிக்கு வந்து, "அண்ணாச்சி நின்னா எதுத்துப் பேச எவனுக்கும் வாய் வராது" என்றார்கள். நீங்கள் மூன்று நாள் சாப்பிடாமல் யோசித்தீர்கள். அத்தைதான், "போயிட்டு வாங்க, இங்கன இருந்து எங்களத்தான திட்டிக்கிட்டு இருக்கீக" என்று சொல்லி அனுப்பி வைத்தது.

உங்களைப் பெரிய மனுஷன் என்று எழுதி வைத்துவிட்டுப் போக எனக்கு மனசு இல்லை. நீங்கள் பழைய ஆள் மாமா. ஊரில் எது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் உங்கள் அரசியல். பஞ்சாயத்துத் தலைவியம்மா வந்தால் எழுந்து நின்று நாற்காலி போடச் சொல்வீர்கள். பேச வேண்டியதையெல்லாம் அந்தம்மாவின் வீட்டுக்காரரோடு பேசுவீர்கள். பெட்டி தூக்குகிறவர்கள் சங்கம் வைத்தபோது, "ரெண்டு பேரு பேசி முடிக்கிற விசயத்துல மூணாவது ஆளு எதுக்கு?" என்று ஒரு வாரம் பொருமினீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசாங்கம் வியாபாரத்துக்குள் வரக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். "கவர்மெண்டு கடை போட்டா பக்கத்துக் கடைக்காரன் செத்தான் மாப்ளே" என்பீர்கள். சட்டமன்றத்தில் இதையே பேச எழுந்தீர்கள், சொந்தக் கட்சிக்காரர்களே கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். விடுதிக்கு வந்து, "உக்காரச் சொன்னாக, உக்காந்துட்டேன்" என்று சொன்னீர்கள். முகம் சிறுத்துப் போயிருந்தது.

இப்போது மணி ஆறாகப் போகிறது. பேச்சியம்மாளின் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். மலையில் போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பெண் குரல் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. நாலு தடவை போட்டும் அதே குரல்தான்.

பஸ் கேட்டு இந்தப் பெண்கள் முதல் தடவை வந்த நாளும் எனக்கு மறக்கவில்லை. அதற்குள் பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், தோட்டமும் கைவிட்டுப் போய்விட்டது. பேச்சியம்மாளும் மகள் முருகேஸ்வரியும் மற்ற பெண்களோடு விடியற்காலையில் ஜீப்பில் மெட்டு ரோடு என்கிற மலைப்பாதையில் ஏறி, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மண்டிக்கு வந்தார்கள்.

"விடியக்காலம் ஒரே ஒரு பஸ் விட்டாப் போதும்யா," என்றது பேச்சியம்மாள். "செக்போஸ்ட் வரைக்கும் போனாக்கூடப் போதும். ஜீப்புல கால ஊண எடமில்ல. பின்னாடி தொங்கிக்கிட்டுப் போறாளுக பிள்ளைக."

"ஆத்தா, ஜீப்பு வச்சிருக்கவனும் நம்ம ஊருப் பயதான். பஸ்ஸு விட்டா அவன் வண்டிய எங்கன கொண்டு போயி நிறுத்துவான்? நான் அவன்ட்டச் சொல்றேன். ஆளக் கொறச்சு ஏத்தச் சொல்றேன்."

சொல்லவும் செய்தீர்கள். ஒரு வாரம் ஆளைக் குறைத்து ஏற்றினார்கள். அவர்கள் போன பிறகு என்னிடம், "பொம்பளப் பிள்ளைக இருட்டுல மலையேறிப் போற பொழப்பே வேண்டாங்கிறேன், இதுக்குப் பஸ் வேறயா" என்றீர்கள். நம் மண்டியில் பழம் தரம் பிரிக்க வருகிற பெண்கள் எத்தனை மணிக்கு மாமா வருகிறார்கள் என்று கேட்டேன். முறைத்தீர்கள். அப்புறம் டீ சொல்லச் சொன்னீர்கள். அன்றைக்கு நான் டீ சொல்லப் போயிருக்கக்கூடாது. நின்று சண்டை போட்டிருக்க வேண்டும்.

விபத்து நடந்த காலையில் மலையில் மூடுபனி. கொண்டை ஊசி வளைவில் ஜீப் உருண்டது என்று தகவல் வந்தபோது கரட்டடியே மண்டி வாசலில் நின்றது. எம்.எல்.ஏ. என்பதால் மேலே இருந்த மலையாளப் போலீஸ்காரர் உங்களுக்குத்தான் போன் போட்டார். நீங்கள் அவர் சொல்லச் சொல்ல ஜீப்பில் இருந்தவர்கள் பெயர்களைத் திருப்பிச் சொன்னீர்கள், நான் எழுதினேன். கடைசியில் அவர், "பின்னே ஒரு ஸ்த்ரீ, முப்பது வயசு காணும், பேரு அறியில்லா" என்றார். பேர் தெரியாத பெண், வயது முப்பது இருக்கும் என்று அதையும் எழுதினேன். ஜீப் வேறு ஊர் ஜீப் என்றும் சொன்னார்.

பேச்சியம்மாள் அன்று காய்ச்சலில் வேலைக்குப் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "எம்மக பேரு இருக்கா?" என்று கேட்டது. நீங்கள் என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "இல்ல ஆத்தா. உன் மக பேரு இதுல இல்ல. அது நம்ம ஜீப்பும் இல்ல" என்றீர்கள். பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தது. மற்ற பெண்களுக்கு ஆறுதல்கூடச் சொன்னது.

சாயங்காலம் நாம் இருவரும் மேலே போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேர் தெரியாத பெண்ணின் சாமான்களை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். தூக்குச்சட்டி மூடியில் ஆணியால் கீறிய எழுத்து இருந்தது. பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து. நம் ஜீப்பில் இடமில்லை என்று அந்தப் பிள்ளை அடுத்த ஊர் ஜீப்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது. அதில் இருந்த யாருக்கும் அது யாரென்று தெரியவில்லை. பொழுதெல்லாம் பிணவறையில் பேர் இல்லாமல் கிடந்திருக்கிறது.

காரில் இறங்கி வந்தோம். கரட்டடி நெருங்கியதும், நான் சொல்கிறேன் மாமா, நீங்கள் காரிலேயே இருங்கள் என்றேன். "பேரு இல்லேன்னு சொன்னது நான். நாந்தான் சொல்லணும்" என்று இறங்கிப் போனீர்கள். உங்களோடு வர எனக்குத் தைரியம் இல்லை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அப்படியும் அந்தச் சத்தம் கேட்டது.

காரியம் முடிந்த மறுநாள் கரட்டடிக்குப் போய், பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "பஸ்ஸு வரும். நான் சொல்றேன்" என்றீர்கள். அரசாங்கம் வியாபாரத்துக்குள் வரக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொன்ன வாய் அது. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான சொல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பேச்சியம்மாள் தலையை ஆட்டியது. உங்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அதற்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த வாரமே சென்னை போனோம். வண்டியில் ஏறும் முன்பே நான் மனுவை அடித்துவிட்டேன். இதே லெட்டர் பேடில், எந்த ஊர், எத்தனை மணி, எது வரை, எத்தனை பெண்கள் போகிறார்கள் என்று சுத்தமாக ஒரு பக்கம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். சட்டமன்றத்துக்கு வெளியே நடையில் போக்குவரத்து அமைச்சரைப் பிடித்தீர்கள். அவர் நல்ல மனிதர்தான். விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "விட்டுடுவோம் அண்ணாச்சி, நீங்க தைரியமா ஊருக்குப் போங்க" என்றார். அவர் கண் கலங்கியதை நானும் பார்த்தேன்.

அவர் நாலடி நகர்வதற்குள் நான் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். நீங்கள் என் கையை அப்படியே பைக்குள் தள்ளினீர்கள்.

"வேண்டாம் மாப்ளே."

"மாமா, ஒரு கையெழுத்துத்தான். பி.ஏ.கிட்டக் குடுத்துட்டு வந்துர்றேன்."

"அந்தாளு வாக்குக் குடுத்துட்டாரு. குடுத்த கையோட சீட்ட நீட்டுனா அவரு மொகம் எப்படி இருக்கும்? உன்னைய நம்பலைன்னு சொல்ற மாதிரி இருக்காதா? நம்ம மண்டியில எவனாச்சும் ஏங்கிட்ட அப்படிச் சீட்டுக் கேட்டிருக்கானா?"

நான் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். இதுதான் மாமா நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம். கோர்ட் வாசலில் அத்தனை வருடம் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா? தாளில் இல்லாத பேச்சு சென்னையில் ஒரு வாரம்கூட நிற்காது என்று தெரியும். உங்களுக்குத் தெரியாமல் கொடுத்திருக்கலாம். உங்களோடு சண்டை போட்டாவது கையெழுத்து வாங்கியிருக்கலாம். உங்கள் முகம் வாடிவிடும் என்று பார்த்தேன். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தீர்கள், நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். இப்படி ஆளாளுக்கு முகத்தைப் பார்த்து, அந்தப் பெண்களை மறந்துபோனோம்.

ஊருக்கு வந்து இதே விலக்கில் நின்று, பேசி முடித்தாயிற்று என்று சொன்னீர்கள். பட்டாசு வெடித்தார்கள். அதற்குப் பிறகு அமைச்சருக்கு வேறு துறை கொடுத்துவிட்டார்கள். புதிதாக வந்தவரிடம் போனோம். மரியாதையாக உட்கார வைத்தார். ஆள் விட்டுத் தேடச் சொன்னார். "இது சம்பந்தமா எங்ககிட்ட ஃபைல் எதுவும் இல்லையேங்க" என்றார். ஆண்டிபட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் டெப்போவில் கிளர்க்காக இருந்தார், உங்களுக்கு வேண்டியவர். அவரிடமும் கேட்டீர்கள். "எழுத்துல ஒண்ணும் வரலையேண்ணே" என்று அவரும் கையை விரித்தார். வெளியே காருக்கு வந்ததும், "அவருதான சொன்னாரு. நீயும் பக்கத்துல இருந்தேல்ல?" என்று என்னைக் கேட்டீர்கள். இருந்தேன் மாமா என்றேன்.

அடுத்த தடவை உங்களுக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. இந்தத் தொகுதிக்கு ஒன்றும் செய்யவில்லை என்று உங்கள் கட்சிக்காரர்களே சொன்னார்கள். அதற்கு நீங்கள் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. மண்டிக்குத் திரும்பி வந்த முதல் நாள் கல்லாவில் உட்காராமல் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, "பேசின பெறகு பெஞ்சா என் மழைதான மாப்ளே" என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு பழைய வேனோடு வந்து நின்றபோது புரிந்தது.

அந்த வேனை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. முன் சீட்டில் நீங்கள். குளிருக்கு மப்ளர், மடியில் பிளாஸ்க். பெண்கள் ஏறும்போது அவர்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். செக்போஸ்ட் வரைதான் போகலாம், அதற்கு மேல் பர்மிட் இல்லை. மிச்ச தூரத்துக்குத் தோட்டத்து ஜீப் வந்து கூட்டிப்போகும். ஜீப்காரர்கள் மண்டிக்கு வந்து சத்தம் போட்டார்கள். "எங்க வயித்துல அடிக்கிறீகளேண்ணே" என்று ஒருவன் கேட்டான். அது உங்கள் பழைய பேச்சுத்தானே. ஆனாலும் வேனை நிறுத்தவில்லை. இரண்டு வருடம் ஓட்டினீர்கள்.

பிறகு உங்கள் நெஞ்சு நின்று நின்று ஓடத் தொடங்கியது. மதுரையில் சேர்த்தோம். மகன்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை மாமா, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேன் அடிக்கடி மலையில் நின்றுபோனது, பார்க்க ஆள் இல்லை, விற்றுவிட்டார்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் சொல்லவில்லை.

கடைசிக்கு முதல் நாள் என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். குரல் எழும்பவில்லை. குனிந்து கேட்டேன்.

"பஸ்ஸு வந்துருச்சா மாப்ளே?"

"வந்துருச்சு மாமா."

"எத்தன மணிக்கு?"

"அஞ்சே காலுக்கு. விலக்குலருந்து."

"எல்லாருக்கும் உக்கார எடம் இருக்கா?"

"இருக்கு மாமா."

கண்ணை மூடிக்கொண்டீர்கள், பழத்தைச் சுவைத்துப் பார்க்கிற மாதிரி. நம்பினீர்களா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் ஒரு பொய்யை நம்பவைத்து உங்களை அனுப்பினேன். நம்பவில்லை என்றால் நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே போனீர்கள். எதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

உங்களுக்குப் பிறகு நான் தாளைப் பிடித்துக்கொண்டேன். மனு மேல் மனு எழுதினேன். இப்போது இருக்கிற எம்.எல்.ஏ.விடமும் போனேன், உடனே லெட்டர் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, நம்பர் இருக்கிறது. பதிலும் வந்தது. பாதை குறுகல், எல்லை தாண்டிப் போகும் வழி, தற்போது சாத்தியமில்லை. உங்கள் வாய்தான் தோற்றது, என் தாள் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். என் தாளும் தோற்றுவிட்டது மாமா. இதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பஸ் வந்திருக்குமா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

போன வருடம் காய் எடுப்பு தொடங்கிய சமயத்தில் பேச்சியம்மாள் என் வீட்டுக்கு வந்தது. கையில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. யாருடைய தோட்டத்திலோ அறுப்புக்குப் போய் வாங்கி வந்தது. வருடா வருடம் உங்கள் வீட்டில் கொடுப்பது, அன்று என் வீட்டில் கொடுத்தது.

"என்ன பாய், பஸ்ஸு வருமா?"

"தெரியல ஆத்தா. எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அவுக சொன்னாக. நீங்க பக்கத்துல நின்னீக."

கோபமாகச் சொல்லவில்லை. பேசி முடித்த தோட்டத்தை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னது. பிறகு போகிற போக்கில், "எம்மக பேரு அன்னைக்கு யாருக்குமே தெரியாமப் போச்சே பாய், அதத்தான் என்னால தாங்க முடியல" என்றது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மண்டிக்குப் போய் பீரோவைத் திறந்தேன். ஒரு லெட்டர் பேடை எடுத்துக்கொண்டு ஐந்தே காலுக்கு விலக்கில் வந்து நின்றேன். ஜீப்பில் ஏறுகிற ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதினேன். எந்த ஜீப், யார் ஓட்டுகிறார், எந்தத் தோட்டம். இடமில்லை என்று வேறு ஜீப்பில் யாராவது தொற்றினால் அதையும். சாயங்காலம் திரும்ப வந்து நிற்பேன். இறங்குகிறவர் பெயருக்கு நேராக ஒரு கோடு. முதலில் சிரித்தார்கள். ஜீப்காரர் ஒருவர், "என்ன பாய், வாத்தியார் வேலையா?" என்றார். இப்போது பழகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. இது ஒன்றுக்கும் உதவாத வேலை என்று எனக்குத் தெரியும். ஜீப் உருண்டால் நான் எழுதிய தாள் அதைப் பிடித்து நிறுத்தாது. பேர் தெரியாமல் யாரும் கிடக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அஞ்சே கால் என்று உங்களிடம் சொன்ன வாய்க்கு நான் கொண்டுவந்து நிறுத்த முடிந்த பஸ் இதுதான்.

மாமா, மேலே வளைவில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. நம்முடையதா என்று தெரியவில்லை. நிறுத்துகிறேன்.

மணி ஆறே முக்கால். நம்முடையதுதான். வழியில் டயர் பஞ்சராம். முதலில் இறங்கியது பேச்சியம்மாள்.

"இன்னும் போகலையா பாய்? எல்லாரும் இருக்கோம், எழுதிக்கங்க."

பதிமூன்று பேர். பதிமூன்று கோடு போட்டேன். முந்தானையை உதறிக்கொண்டு நடந்த பேச்சியம்மாள் நாலடி போய்த் திரும்பியது.

"நாளைக்கும் வருவீகளா?"

"வருவேன் ஆத்தா."

அது தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அன்று உங்களைப் பார்த்து ஆட்டிய அதே மாதிரி. நான் டீக்கடையில் உட்கார்ந்து இந்தக் கடைசி வரிகளை எழுதும்போது தாளில் ஒரு சொட்டு விழுந்தது. மெட்டுப் பக்கம் கருகருவென்று கட்டிக்கொண்டு வருகிறது. ராத்திரியெல்லாம் பெய்யும், காலையில் ரோடு வழுக்கும் என்கிறார் டீக்கடைக்காரர். நான் வருவேன் என்று சொன்ன பிறகுதான் தூறல் ஆரம்பித்தது. நம் மண்டி வழக்கப்படி இது என் மழை மாமா. ஆனால் நாளைக்கு இதில் மலையேறப் போவது அவர்கள்.